முட்டையில்லாமல் ஓட்ஸ் பிஸ்கோத்து

கடையிலிருந்து பிஸ்கோத்துப் பொட்டலம் வந்தால் என் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, "இதிலே முட்டை உண்டோ?" என்பதுதான். "தெரியவில்லை அம்மா" என்றால் தட்டை மெல்ல நகர்த்திவிடுவார். குழந்தைகள் எல்லாம் மொறுமொறுவென்று கடிக்க, அவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

இதற்கு வழி ஆஸ்திரேலியாவிலும் நியூஜீலந்திலும் இருக்கிறது. 1915-ல் கல்லிப்போலியில் இறங்கிய அந்நாட்டுப் படையின் பெயரால் 'ஆன்ஸாக்' பிஸ்கோத்து என்று ஒன்று செய்கிறார்கள். ஓட்ஸ், மாவு, தேங்காய், வெண்ணெய், சர்க்கரைப் பாகு எல்லாம் உண்டு, முட்டையே கிடையாது. பாகுதான் மாவைப் பிடித்துக்கொள்கிறது. நான் பாகுக்குப் பதில் வெல்லமும், பாதித் தேங்காய்க்குப் பதில் முந்திரியும் போட்டேன். அந்நாட்டுச் சட்டப்படி இதை அந்தப் பெயரில் விற்க முடியாதாம். நாம் என்ன, கடையா வைக்கப் போகிறோம்?

ஓட்ஸ் 1 கப், மைதா 1 கப், உலர்ந்த தேங்காய்த் துருவல் அரை கப், வறுத்து உடைத்த முந்திரி அல்லது வேர்க்கடலை அரை கப். எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். முக்கால் கப் வெல்லத்தை 2 மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 125 கிராம் வெண்ணெய் சேர்த்து உருக்கி இறக்குங்கள். பாகு முற்றக் கூடாது. அரை தேக்கரண்டி சமையல் சோடாவை 1 மேஜைக்கரண்டி வெந்நீரில் கரைத்து இதில் ஊற்றுங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். (என் முதல் தடவையில் பாதி மேடைக்குப் போயிற்று!) சோடா அதிகமாகிவிட்டால் சவர்க்கார வாடை அடிக்கும், ஜாக்கிரதை.

நுரையோடு மாவில் கொட்டிப் பிசைந்து, எலுமிச்சங்காயளவு உருட்டி, லேசாகத் தட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் இடம் விட்டு வையுங்கள். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம். 'அவன்' இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, பத்து நிமிஷம் சூடாக்கி, முக்காலி மேல் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் சுடலாம். நேரம் சற்றுக் கூடும்.

எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள்! நான் தள்ளினேன், கல்லாகிவிட்டது. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

ஒரு விஷயம். ஓட்ஸ் இருக்கிறதே என்று சர்க்கரை வியாதிக்காரருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். வெல்லமும் வெண்ணெயும் கொஞ்சமா போட்டிருக்கிறோம்? அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்குமுன் முந்திரி, கடலை ஒத்துக்கொள்ளுமா என்று தாயாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து.

மாமியார் அன்று ஒன்றைக் கையில் எடுத்து, வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நான் செய்ததைத்தான் பக்கத்தில் நின்று பார்த்தாரே! இரண்டாவதையும் முடித்துவிட்டு, "கொஞ்சம் சுக்குத் தட்டிப் போட்டிருக்கலாமே" என்றார். அடுத்த முறை கால் தேக்கரண்டி சுக்குப் பொடி போட்டேன். அவர் சொன்னது சரிதான்.