அட்மின் மேல் எஃப்.ஐ.ஆர்.

ஊர் வழக்கையெல்லாம் நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவே ஒரு வழக்காகிப்போனது கரூரில். குழுவின் பெயர் 'கரூர் லாயர்ஸ்'. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுகள் இரு சமூகத்தாரிடையே பகையை மூட்டுகின்றன என்று இன்னொரு வழக்கறிஞர் போலீசுக்குப் போனார். பதிவு போட்டவரோடு சேர்த்து அட்மின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியது. அவரும் வழக்கறிஞர்தான். பதிவிட்டவரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டாரே, இருவரும் கூட்டு இல்லாமல் வேறென்ன என்றது புகார் தரப்பு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதைத் தீர்த்துவைத்தார். அட்மின் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

கரூர் சங்கதி என்று சென்னைப் புறநகரான குரோம்பேட்டை ஒதுக்கிவிட முடியாது. ஜி.எஸ்.டி. சாலையில் நின்று தலையைத் தூக்கினால் டாக்டர், ஆடிட்டர், வக்கீல், கட்டடப் பொறியாளர் என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகள். ராதா நகர், நியூ காலனி, அஸ்தினாபுரம் என்று உள்ளே போனாலும் அதே கதைதான். தொழிலுக்கொரு சங்கம் இருந்தால், சங்கத்துக்கொரு குழுவும் இருக்கும். முன்பு மின்னஞ்சலில் ஓடியது, இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அதைக் கட்டி மேய்ப்பவர் சம்பளம் வாங்காத ஒரு செயலாளர்.

ரோஜாப்பூ காலை வணக்கத்தையும், பலமுறை பகிரப்பட்ட மூலிகை வைத்தியத்தையும் அவர் சகித்துக்கொள்வார். சிக்கல் இரவு பத்து மணிக்கு, கிளினிக் மூடிய பிறகு வரும். சந்தேகம் கேட்கும் ஒரு மருத்துவர் ஸ்கேன் படத்தை அப்படியே போட்டுவிடுவார். படத்தின் மேல் மூலையில் நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருக்கும். குழுவில் கண்டித்தால் மூத்தவர் முகம் சுளிப்பார் என்பதால் செயலாளர் தனியாகத்தான் போன் போடுவார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல பேஷண்ட் பேர் தெரியுது. பேரை மறைச்சுட்டு மறுபடி போட்ருங்களேன்."

"எல்லாம் நம்ம ஆளுங்கதானேப்பா?"

"நூத்தம்பது பேர் இருக்காங்க சார்."

நோயாளி பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. வக்கீல்கள் குழுவில் வேறு தினுசு. புது அலுவலகம் திறந்த மகிழ்ச்சியில் ஒருவர் போடும் வண்ண விளம்பரம் பார் கவுன்சிலின் 36-ஆவது விதியோடு மோதும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை பிடிக்கக்கூடாது என்பது அந்த விதி. பட்டயக் கணக்காளர்களுக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே மாதிரியான தடை உண்டு. குடும்பக் குழுவில் உளறினால் அத்தை கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். தொழில் குழுவில் உளறினால் ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம்.

இதற்கெல்லாம் அட்மின் பொறுப்பா? 2016-இல் மகாராஷ்டிரத்தின் கோந்தியா மாவட்டத்தில் ஒரு குழுவில், பெண் உறுப்பினர் ஒருவரை இன்னொருவர் ஆபாசமாகத் திட்டினார். அட்மின் அவரை நீக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. அட்மின் மேலும் வழக்குப் பாய்ந்தது. 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். அதைத் தாண்டி அட்மினுக்கு அதிகாரம் இல்லை, பதிவு வருவதற்கு முன்பே அதைத் தணிக்கை செய்யவும் வழியில்லை என்றது. மதுரைக் கிளை எடுத்துக்காட்டியதும் இந்தத் தீர்ப்பைத்தான். டெல்லி உயர் நீதிமன்றம் 2016-லேயே ஒரு அவதூறு வழக்கில், குழுவின் நிர்வாகியைப் பிடிப்பது செய்தித்தாளில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பது போல என்று சொல்லியிருந்தது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் அட்மின் பக்கமே நின்றது.

ஆனால் அதே 2022-இல் வாட்ஸ்அப் ஒரு வேலை செய்தது. உறுப்பினர் போட்ட பதிவை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதியை அட்மினுக்குக் கொடுத்தது. அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று பூட்டும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. நாக்பூரில் 'அதிகாரம் இல்லை' என்று சொல்லப்பட்ட அட்மின் வேறு, இன்றைய அட்மின் வேறு. கண்ணில் பட்டும் ஏன் அழிக்கவில்லை என்று இனி ஒரு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டால், பழைய பதில் அப்படியே பொருந்தாது.

மின்னஞ்சல் குழுவை நடத்துபவருக்கு இந்தக் கேள்வி எப்போதுமே இருந்தது. முன்அனுமதி முறை வைத்திருந்தால் ஒவ்வொரு கடிதமும் அவரிடம் காத்திருந்து, அவர் அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, பிறர் எழுதியதைத் தாங்கிச் செல்லும் இடைநிலையாளருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் செய்தியைத் தேர்ந்தெடுக்கவோ திருத்தவோ கூடாது என்பதும் அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. தனி ஆளான செயலாளர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதே வாதத்துக்குரியது. எப்படியானாலும், நல்லெண்ணத்தில் ஒரு காட்டமான வரியை வெட்டிவிட்டு மீதியை அனுப்புவதை விட, "இந்த வரியை எடுத்துட்டு அனுப்புங்க சார்" என்று எழுதியவருக்கே திருப்புவது புத்திசாலித்தனம். எழுதியவருக்கும் அதில்தான் மரியாதை.

அட்மின் யார் என்பதிலும் ஒரு குளறுபடி உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கத்தில் நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுக்குழு முடிந்ததும் பழைய செயலாளர் தீர்மானப் புத்தகம், காசோலைப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். குழுவின் அட்மின் உரிமையும் மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் விட்டுப்போனால், இரண்டு தேர்தலுக்கு முன்பு பதவி விட்டுப் போனவரே இன்னும் அட்மினாக இருப்பார். புகார் வரும் நாளில் போலீஸ் தேடிப் போவது அந்த நம்பரைத்தான்.