சொந்தக் காலில் படிப்பு - 9: பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா?

பிளஸ் டூ முடித்த பெண். நர்ஸ் ஆக வேண்டும் என்பது ஆசை. வீட்டுக்கு அடுத்த வருமானம் அவளிடமிருந்துதான் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளில் "பி.எஸ்சி. சேர்க்கலாமா, ஜி.என்.எம். சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். எத்தனை வருஷம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். பட்டயம் 3 ஆண்டு. இரண்டுமே முழுநேரப் படிப்பு. வகுப்பு போக வார்டு டியூட்டி, சில சமயம் இரவு டியூட்டியும் உண்டு. பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், உடம்பு தாங்காது.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பட்டயம் படிப்பவர்களும் உண்டு.

சிக்கல் தனியார் கல்லூரியில்தான். 4 லட்சம் கடன் வாங்கி பி.எஸ்சி. படித்ததாக வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் 7 ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைக்கூடத் தராத இடங்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்தச் சம்பளத்தில் தவணையும் கட்டி வீட்டுக்கும் அனுப்புவது எப்படி? இரவு பகலாக நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளை இப்படி விடுவது நியாயமே இல்லை.

அதனால் என் தீர்ப்பு இது: கையில் பணமில்லாத வீட்டுக்குத் தனியார் பி.எஸ்சி.யைவிட அரசு நர்சிங் பள்ளியின் ஜி.என்.எம். மேல். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர் பணிக்கு இரண்டு தகுதியையும் ஏற்கிறது. எய்ம்ஸ் நர்சிங் அலுவலர் தேர்வையும் ஜி.என்.எம். முடித்தவர் எழுதலாம், 50 படுக்கை மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டத்தின் அருமை, எம்.எஸ்சி. படிக்கவோ கல்லூரியில் பாடம் நடத்தவோ நினைக்கும்போது தெரியும். அப்போது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் 2 ஆண்டு, சம்பளம் நின்றுவிடும். பணியில் இருப்பவர்களுக்கென்றே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துவது 3 ஆண்டு. வேலையை விட வேண்டியதில்லை.

ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டுபவர்களை நம்ப வேண்டாம். அந்தச் சான்றிதழோடு போனால் நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவில்லாதவர் நர்ஸ் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சேர்ந்தபின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு திரும்பக் கேட்டு வாங்குங்கள்.