விலையேற்றமும் உண்மைக் கூலியும்: புதுச்சேரி அனுபவம்

பொருள்களின் விலை உயரும் வேகத்தில் கூலி உயராதபோது, உழைப்பவரின் கையில் வரும் பணம் குறையாமலே அவருடைய வாங்கும் திறன் குறைகிறது. இதனைப் பொருளியலில் உண்மைக் கூலி வீழ்ச்சி என்பர். இந்த வீழ்ச்சி எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. வருமானம் விலைவாசியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதே ஒரு குடும்பம் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட சாரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் இந்த வேறுபாட்டை அருகருகே காணலாம். அரசு ஊழியர், தொழிற்பேட்டைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, வீட்டுவேலை செய்யும் பெண், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஆகியோர் ஒரே சந்தையில் ஒரே விலைக்குக் காய்கறி வாங்குகின்றனர். ஆனால் தக்காளி விலை ஏறும்போது அவர்களில் சிலருடைய வருமானம் மட்டுமே அதைத் தொடர்ந்து ஏறுகிறது.

பெயரளவுக் கூலியும் உண்மைக் கூலியும்

கையில் பெறும் தொகை பெயரளவுக் கூலி. அந்தத் தொகையைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்களின் அளவே உண்மைக் கூலி. ஒருவரின் மாதச் சம்பளம் 15,000 ரூபாயிலிருந்து 16,000 ரூபாயாக உயர்கிறது என்று கொள்வோம். அதே காலத்தில் விலைவாசி 12 விழுக்காடு ஏறியிருந்தால், புதிய சம்பளத்தின் மதிப்பு பழைய விலையில் ஏறத்தாழ 14,286 ரூபாய்தான். ஆயிரம் ரூபாய் கூடியும் அவர் 714 ரூபாய் இழந்திருக்கிறார்.

விலைவாசியை அளக்க இந்தியாவில் பல குறியீட்டெண்கள் உள்ளன. கூலி தொடர்பாக மிகுதியும் பயன்படுவது, ஒன்றிய அரசின் தொழிலாளர் செயலகம் மாதந்தோறும் வெளியிடும் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஆகும். நாடெங்கும் 88 தொழில் மையங்களில் உள்ள 317 சந்தைகளிலிருந்து இதற்கான விலைகள் திரட்டப்படுகின்றன. முன்பு 2001 அடிப்படை ஆண்டாக இருந்தது. 2020 செப்டம்பர் முதல் 2016ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட புதிய வரிசை நடைமுறைக்கு வந்தது.

அந்த மாதத்தில் அனைத்திந்தியக் குறியீட்டெண் 118.1. 2024 செப்டம்பரில் அது 143.3. நான்கு ஆண்டுகளில் ஏற்றம் 21 விழுக்காட்டுக்கு மேல். அதாவது 2020இல் 15,000 ரூபாய் வாங்கியவர் அதே வாழ்க்கைத் தரத்தில் நீடிக்க, 2024இல் ஏறத்தாழ 18,200 ரூபாய் வாங்க வேண்டும்.

குறியீட்டெண் ஒரு சராசரி என்பதை மறக்கலாகாது. பழைய வரிசையில் உணவுக்கு 46.2 விழுக்காடு எடை தரப்பட்டிருந்தது. புதிய வரிசையில் அது 39.17 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் வருமானம் குறையக் குறைய உணவுச் செலவின் பங்கு கூடும். வருமானத்தில் பாதிக்கு மேல் உணவுக்குச் செலவிடும் குடும்பத்தை, அரிசி, பருப்பு, எண்ணெய் விலையேற்றம் குறியீட்டெண் காட்டுவதைவிடக் கடுமையாகத் தாக்கும்.

அகவிலைப்படியின் தோற்றம்

விலைவாசிக்கு ஏற்பக் கூலியோடு சேர்த்துத் தரப்படும் தொகை அகவிலைப்படி. தொழிலாளர் போராட்டங்களின் ஊடாகவே இது நிலைபெற்றது. முதல் உலகப்போரின்போது விலைகள் ஏறிய நிலையில், அகமதாபாத் ஆலைகளில் பிளேக் நோய்க் காலத்தில் தந்துவந்த சிறப்பு ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டது. 1918இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் காந்தி 35 விழுக்காட்டு உயர்வை முன்வைத்தார். பின்னர் நடுவர் தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது. அதே ஆண்டு சென்னையில் உணவுப் பொருள் விலையேற்றத்தால் கடைகள் சூறையாடப்பட்டன. சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் 1918இல்தான்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி, வேலைநேரம், சங்க உரிமை ஆகியவற்றுக்காக வ. சுப்பையா உள்ளிட்டோர் தலைமையில் போராடினர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதற்குப் பிறகே எட்டு மணிநேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் உரிமைகள் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின.

குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 1957இல் நடந்த பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வரையறை தந்தது. குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியன அதில் சேர்ந்தன. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், விழாச் செலவு, முதுமை ஆகியவற்றுக்கென 25 விழுக்காட்டையும் சேர்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கே அகவிலைப்படி முறையை நிறுவனம் மாற்ற முயன்றதால் எழுந்தது. தீர்ப்பு தொழிலாளர்களுக்குச் சாதகமாக அமைந்தது.

யாருக்குப் பாதுகாப்பு உண்டு

விலைவாசியோடு உள்ள இணைப்பைக் கொண்டு வருமானம் பெறுவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இணைப்பு தானாகவே செயல்படுவது. ஒன்றிய அரசு ஊழியருக்கு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. 2021 ஜூன் வரை அடிப்படை ஊதியத்தில் 17 விழுக்காடாக இருந்த படி, 2024 ஜூலைக் கணக்கில் 53 விழுக்காடாயிற்று. ஏழாவது ஊதியக் குழுவின் கீழ் மிகக் குறைந்த அடிப்படை ஊதியமான 18,000 ரூபாய் பெறுபவருக்கு, இந்தப் படி 3,060 ரூபாயிலிருந்து 9,540 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் இந்த இணைப்பையும் அரசாணையால் நிறுத்த முடியும். கொரோனா காலத்தில் மூன்று தவணை உயர்வுகள் முடக்கப்பட்டன. 2021 ஜூலையில் படி மீண்டும் உயர்த்தப்பட்டபோது இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை தரப்படவில்லை.

இரண்டாம் வகை, இணைப்பு சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் தளர்ந்திருப்பது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் கூலியைத் திருத்த வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த கூலித் தொகுப்புச் சட்டமும் இதே கால வரம்பைக் கொண்டுள்ளது. திருத்தம் தாமதமானாலோ, ஒப்பந்ததாரர் அறிவிக்கப்பட்ட கூலியைத் தராவிட்டாலோ தொழிலாளி இழக்கிறார். தொகுப்பூதியத்தில் பணிபுரிவோர், தினக்கூலிகள், புதுச்சேரிப் பொதுப்பணித் துறையில் வவுச்சர் ஊழியர் எனப்படுவோர் ஆகியோர் நிரந்தர ஊழியரோடு ஒரே வளாகத்தில் வேலை செய்தாலும், அவர்களின் ஊதியம் தனி ஆணை வந்தால்தான் உயர்கிறது.

மூன்றாம் வகை, இணைப்பே இல்லாதது. வீட்டுவேலை, தையல், தள்ளுவண்டி வியாபாரம், துண்டு வேலை போன்றவற்றில் கூலி உயர்வு பேசிப் பெற வேண்டியது. சில ஓய்வூதியங்களும் இந்த வகையே. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்தும் அது மாறவில்லை. 2014 செப்டம்பரில் 253ஆக இருந்த பழைய வரிசைக் குறியீட்டெண், 2024 செப்டம்பரில் அதே வரிசைக் கணக்கில் ஏறத்தாழ 413. ஆகவே அந்த 1,000 ரூபாயின் மதிப்பு 2014ஆம் ஆண்டு விலையில் 613 ரூபாய் அளவே. ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற பலருக்கு இது நேரடி இழப்பு.

அரிசியா, பணமா

விலை இணைப்பின் முக்கியத்துவத்தைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு புதுச்சேரியின் நியாயவிலைக் கடைகள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமையானது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கியது.

புதுச்சேரி அரசு தன் பங்காக வழங்கிவந்த இலவச அரிசியும் பின்னர் விவாதத்துக்குள்ளானது. அரிசியே தர வேண்டும் என்று முதல்வர் வே. நாராயணசாமியின் அரசும், பணமே தர வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் முரண்பட்டனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2020இல் பணம் வழங்கும் நிலைப்பாடே நிலைத்தது. கடைகள் மூடிக் கிடந்தன. அவற்றின் ஊழியர்கள் நிலுவைச் சம்பளம் கேட்டுப் போராடினர். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பாக, இலவச அரிசியோடு கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

பணத்துக்கு ஆதரவான வாதங்கள் வலுவற்றவை அல்ல. பிடித்த அரிசியைப் பிடித்த கடையில் வாங்கலாம். எடைக்குறைவு, பதுக்கல், தரமற்ற அரிசி ஆகிய குறைகள் இல்லை. மறுபக்கம், தொகை விலையைத் தொடர்கிறதா என்ற கேள்வி உள்ளது. கிலோ 30 ரூபாய் எனக் கணக்கிட்டு 20 கிலோவுக்கு 600 ரூபாய் தரப்படுவதாகக் கொள்வோம். கடையில் அரிசி 40 ரூபாயானால் அந்தப் பணத்துக்கு 15 கிலோ கிடைக்கும். 50 ரூபாயானால் 12 கிலோதான். 20 கிலோ அரிசியாகவே கிடைத்தால், விலை எவ்வளவு ஏறினாலும் அது 20 கிலோவே.

ஒன்றிய அரசின் பணப் பரிமாற்ற விதிகள் தொகையைக் குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டன. அதாவது இணைப்பு இருந்தது. ஆனால் அது உழவருக்குத் தரும் கொள்முதல் விலையோடு இருந்தது, சாரம் கடைத்தெருவின் சில்லறை விலையோடு அல்ல. வீட்டுவேலை செய்பவருக்குக் கிடைக்கும் காலை உணவு, பண்டிகைச் சேலை போன்றவற்றுக்கும் இதே தன்மை உண்டு. பொருளாகத் தரப்படும் பகுதியை விலையேற்றம் அரிப்பதில்லை.

குடும்பங்கள் சமாளிக்கும் வழிகள்

வருமானம் பின்தங்கும்போது குடும்பங்கள் பொதுவாக ஒரு வரிசையில் செலவைக் குறைக்கின்றன. முதலில் விலை உயர்ந்த அரிசிக்குப் பதில் மலிவானது. அடுத்து மீன், கறி, பழம், பால். பிறகு மருத்துவச் செலவைத் தள்ளிப்போடுதல். இறுதியில் பிள்ளைகளின் படிப்பு. கூடுதல் வேலைநேரம், வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போவது, சீட்டு, நகை அடகு, மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் ஆகியவையும் பரவலாக உள்ளன.

இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது தண்டல் கடன். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது ஒரு வழக்கம். பார்வைக்கு இது பத்து விழுக்காட்டு வட்டி. ஆனால் அசல் நாள்தோறும் குறைவதால் கடன்பட்டவர் கையில் சராசரியாக இருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். 100 நாளுக்கு 22 விழுக்காடு, ஆண்டுக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதே உண்மை வட்டி. அன்றாடச் செலவுக்காக இத்தகைய கடன் வாங்கினால் அடுத்த மாதக் கூலியின் ஒரு பகுதி முன்பே போய்விடுகிறது. அவசரத் தேவைக்கு வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் இதைவிடப் பல மடங்கு மலிவானது.

தன் கூலியைத் தானே கணக்கிடுதல்

தொழிலாளர்களும், பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவர்களும் மூன்று கணக்குகளைத் தாமே செய்து பார்க்கலாம்.

1. கடைசியாகச் சம்பளம் உயர்ந்த மாதத்தின் குறியீட்டெண்ணையும் இப்போதைய எண்ணையும் எடுத்து, இப்போதையதைப் பழையதால் வகுத்து, வந்த விடையை அந்தச் சம்பளத்தால் பெருக்க வேண்டும். கிடைக்கும் தொகையே இன்றைக்குச் சமமான சம்பளம். ஊதிய உயர்வு கேட்கும்போது இந்த எண் பயன்படும்.

2. அரிசி, எண்ணெய், எரிவாயு, வாடகை, பேருந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றின் மாதச் செலவைக் குறித்துவந்தால், ஓராண்டில் குடும்பத்தின் சொந்த விலையேற்ற விகிதம் தெரியவரும். அது அரசுக் குறியீட்டெண்ணைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

3. சம்பளச் சீட்டில் அகவிலைப்படி தனியாகக் காட்டப்பட்டுள்ளதா, மொத்தத் தொகை தம் தொழிலுக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். குறைந்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். பழைய சட்டத்தில் கூலிக் கோரிக்கைக்கு ஆறு மாத வரம்பு இருந்தது. கூலித் தொகுப்புச் சட்டம் அதை மூன்று ஆண்டுகளாக்கியுள்ளது. ஆகவே வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்காவது பாதுகாத்து வைப்பது நல்லது.