திருப்பாச்சேத்தி அரிவாள் தோட்டத்தில் தாங்குமா?

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயரை 2005-இல் வந்த 'திருப்பாச்சி' படம் எங்கும் பரப்பியது. விவசாயிக்கு வேண்டியதோ விறகு வெட்டும்போது அது எப்படி நிற்கிறது என்பதே.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து இதைச் செய்கிறார்கள். இந்த எஃகில் 100-க்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி உண்டு; பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் நன்கு இறுகும். இறுக்கம் மிஞ்சினால் சீமைக் கருவேல முடிச்சில் வாய் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். கொல்லர் நிறம் பார்த்தே பதம் வைப்பதால், ஒரே பட்டறையின் இரண்டு அரிவாள்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

வாங்கும்போது வாயில் அரத்தை லேசாக ஓட்டிப் பார்க்கலாம். கொல்லர் கோபிக்க மாட்டார். அரம் வழுக்கினால் கடினம் அதிகம். சற்றே பிடித்தால் விறகுக்கும் இளநீருக்கும் ஏற்றது. சோளத்தட்டை அறுக்க இந்தக் கனம் கைவலிதான். கதிர் அரிவாளே போதும்.

நல்ல அரிவாள் பெரும்பாலும் சாணையில்தான் கெடுகிறது. மின்சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. மறுபடி உலைக்குத்தான் போகவேண்டும். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டவேண்டும். வாழைச்சாறு பட்ட வாயைத் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது நல்லது.