ஏடுகளை இணைக்கும் விதி



தூத்துக்குடி கடலை நம்பி வாழும் ஊர். 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011ஆம் ஆண்டு முதல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் அதற்கு அழகு. ஊரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் உப்பளங்கள் அதற்குச் செல்வம். இந்திய நாட்டில் உப்பு விளைவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி இந்தக் கரையில் விளைவதேயாகும்.

இந்த ஊரில் ஓர் உப்பு வணிகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் நாள்தோறும் பலர் விலை கேட்கிறார்கள். ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். மற்றொருவர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். மூன்றாமவர் அளத்துக்கே வந்து உப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். கணக்கர் ஒன்றை நோட்டில் குறிக்கிறார். ஒன்றைத் துண்டுத்தாளில் எழுதுகிறார். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்கிறார். மனத்தில் வைத்தது மறுநாள் மறந்துபோகிறது. பதில் கிடைக்காதவர் வேறு வணிகரைத் தேடிப் போய்விடுகிறார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் விலைபோக வேண்டிய உப்பு, அம்பாரமாகவே கிடக்கிறது. அந்த இழப்பு வணிகரோடு நிற்பதில்லை. அளத்தில் வெயிலில் நின்றவரின் கூலிவரை சென்று தைக்கிறது.

இக்குறையைத் தீர்க்க இன்று மூன்று கருவிகள் உள்ளன. அவற்றை எவ்வாறு ஒன்றோடொன்று இணைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலாவது, நிரல் எழுதாமலே செயலி கட்டும் கருவி. பெயர், தொலைபேசி எண், வேண்டிய உப்பின் வகை, எத்தனை டன் என்ற கட்டங்களைத் திரையில் இழுத்து வைத்தால் ஒரு படிவம் அமைந்துவிடுகிறது. இரண்டாவது, சி.ஆர்.எம். எனப்படும் வாடிக்கையாளர் ஏடு. யார் விசாரித்தார், அவரிடம் என்ன பேசினோம், பேரம் எந்த நிலையில் நிற்கிறது என்பவற்றையெல்லாம் அது ஆள்வாரியாகக் காத்து வைக்கிறது. மூன்றாவது, பணியோட்டத் தன்னியக்கம். ஓரிடத்தில் ஒன்று நிகழ்ந்தவுடன் மற்றோரிடத்தில் செய்ய வேண்டியதைத் தானாகவே செய்து முடிக்கும் ஏற்பாடு அது.

இம்மூன்றையும் உருவாக்கி உலகெங்கும் விற்கும் நிறுவனம் ஒன்று நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதன் வாடிக்கையாளர் ஏடு 2005இலும், கிரியேட்டர் என்னும் செயலி கட்டும் கருவி 2006இலும் வெளிவந்தன. இவற்றைப் பிற மென்பொருள்களோடும் இணைக்கும் ஃப்ளோ என்னும் கருவி பின்னர் வந்தது. இவை போன்ற கருவிகள் பிற நாடுகளிலும் உண்டு. கருவியின் பெயர் எதுவாயினும் இணைக்கும் நெறி ஒன்றே.

அந்நெறியை விளக்க முத்துக்குளிப்பைக் காட்டிலும் நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்புத் தொடர். குளியாள் கல்லின் கனத்தால் கடலடியை அடைவார். மூச்சு உள்ள மட்டும் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். பிறகு கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் அந்த அசைவைக் கண்டவுடன் அவரை மேலே இழுத்துவிடுவார். ஏன் என்று கேட்பதில்லை. சற்றுப் பொறு என்று சொல்வதில்லை. அசைவு நிகழ்ச்சி, இழுப்பது செயல். ‘இது நிகழ்ந்தால் இதைச் செய்’ என்ற இந்த ஒரே வாக்கியம்தான் தன்னியக்கத்தின் அடிப்படை.

இனி, நம் உப்பு வணிகருக்கு வருவோம். கிரியேட்டர் படிவத்தைக் கணக்கர் நிரப்பி அனுப்புகிறார். அதுவே கயிற்றின் அசைவு. உடனே வாடிக்கையாளர் ஏட்டில் ‘லீட்’ என்ற பகுதியில் ஒரு பதிவு எழ வேண்டும். லீட் என்றால் இன்னும் பேரம் முடியாத, விசாரித்தவர் என்று பொருள். படிவத்தின் எந்தக் கட்டம் ஏட்டின் எந்தக் கட்டத்தில் போய் விழ வேண்டும் என்பதை நாம் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுகிறோம். எண்ணுக்குரிய கட்டத்தில் எண்ணே விழ வேண்டும். ‘ஏறத்தாழ இருபது டன்’ என்ற சொற்றொடர் விழுந்தால் ஏடு அதை ஏற்காது. அடுத்து ஒரு நிபந்தனை: வேண்டிய அளவு நூறு டன்னுக்கு மேல் என்றால் முதலாளிக்கு உடனே செய்தி போகட்டும், குறைந்தால் விற்பனையாளரின் அன்றைய வேலைப் பட்டியலில் சேரட்டும். இருநாளாகியும் எவரும் பதில் சொல்லவில்லையானால் நினைவூட்டல் ஒன்று எழட்டும்.

இதைத் தொடங்குமுன் அனுமதி ஒன்று தேவை. ஏட்டின் உரிமையாளர் தம் கணக்கில் நுழைந்து, ‘இந்தச் செயலி என் ஏட்டில் எழுதலாம்’ என்று இசைவு தர வேண்டும். கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடுப்பதில்லை; வேண்டும்போது திரும்பப் பெறக்கூடிய ஒரு நுழைவுச்சீட்டை மட்டுமே கொடுக்கிறோம்.

இதுவரை எளிது. இடறல்கள் இனித்தான் வருகின்றன. அவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதல் இடறல், ஒருவரே இருவராவது. ஒருமுறை ‘முருகன்’ என்றும் மறுமுறை ‘எஸ். முருகன்’ என்றும் எழுதினால் கணிப்பொறிக்கு அவர்கள் இரண்டு ஆள்கள். ஆகவே பெயரை நம்பாமல், தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ அடையாளமாகக் கொள்ள வேண்டும். அந்த அடையாளம் ஏட்டில் முன்பே இருந்தால் பழைய பதிவைத் திருத்துக, இல்லையேல் புதியதை எழுதுக என்று விதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓயாத சுழற்சி. செயலியில் மாறினால் ஏடு மாறும், ஏட்டில் மாறினால் செயலி மாறும் என்று இருபுறமும் விதி வைத்தால், ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். எந்தச் செய்திக்கு எந்த ஏடு தலைமை என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். முகவரிக்கு வாடிக்கையாளர் ஏடு தலைமை. இருப்பிலுள்ள உப்பின் அளவுக்குச் செயலி தலைமை என்பது போல.

மூன்றாவது, சத்தமின்றி அறுந்த கயிறு. இணைப்பு முறிந்தால் எவருக்கும் தெரியாமலே விசாரணைகள் தேங்கிவிடும். ஆகவே தவறு நேர்ந்தால் ஒரு மனிதருக்குச் செய்தி போகும்படி செய்வதும், சில மாதிரிப் பதிவுகளைக் கொண்டு முதலில் சோதித்துப் பார்ப்பதும் கட்டாயம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி நிற்கிறது. விதியை எழுதுபவர் யார்? மன்னார் வளைகுடாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறை இருந்தது. கரை சேர்ந்த சிப்பிகளைக் ‘கொட்டு’ எனப்படும் அடைப்புக்குள் கொண்டுபோய், குளியாள்களே மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்பது பிரிப்பவருக்குத் தெரியாது. அதிகாரி இரண்டை அரசுக்கு எடுத்துக்கொள்வார், எஞ்சியது குளியாள்களுக்கு. எது தமக்கு வரும் என்று அறியாதவர் நேர்மையாகப் பிரிக்காமல் என்ன செய்வார்! குவியல்கள் சமமாவதற்கு அங்கே காவலர் தேவைப்படவில்லை. முறையே காவலாக நின்றது. ஆனால் மூன்றில் இரண்டு அரசுக்கு என்ற பங்கு நியாயந்தானா என்பதை அந்த முறை சொல்லாது. அதை மனிதர்தான் கேட்க வேண்டும்.

தன்னியக்கமும் அப்படியே. ‘நூறு டன்னுக்குக் குறைந்தவர் காத்திருக்கட்டும்’ என்று நாம் எழுதினால், அது சலிப்பின்றிச் சிறு வியாபாரியை ஒவ்வொரு நாளும் காத்திருக்க வைக்கும். அது சரியா என்று கருவி நம்மைக் கேட்காது. கடன் கொடுப்பதா, பழைய வாடிக்கையாளரின் தாமதத்தைப் பொறுப்பதா என்பவை போன்ற முடிவுகளை ஆளிடமே விட்டுவைப்பது அறிவுடைமை. பிறருடைய எண்களையும் முகவரிகளையும் அவர்கள் இசைவோடு, வேண்டிய அளவே சேர்க்க வேண்டும். அதற்கெனத் தனிச் சட்டமே 2023இல் இயற்றப்பட்டுள்ளது.

முன்பெல்லாம் இத்தகைய ஏற்பாடு வேண்டுமானால் நிரல் எழுதுவோரைத் தேடிப் போக வேண்டும். அவருக்கு அளம் தெரியாது. அளத்தாருக்கு நிரல் தெரியாது. இருவருக்கும் இடையே பாதிச் செய்தி தொலைந்துபோகும். இன்று வேலை அறிந்தவரே கருவியையும் கட்டலாம். இதையே இம்மாற்றத்தின் தலையாய பயனாக நான் கருதுகிறேன்.

நீங்களும் முயன்று பாருங்கள். கணிப்பொறியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டுக் கடையிலோ கல்லூரி நூலகத்திலோ ஒரு செய்தி யாரிடமிருந்து யாரிடம் போகிறது, எங்கே நிற்கிறது, நின்றால் யாருக்கு இழப்பு என்று வரைந்து பாருங்கள். அந்தப் படம் தெளிவானால் இணைப்பது ஒரு மாலைநேர வேலை. தெளியாவிட்டால், எந்தக் கருவியும் நம் குழப்பத்தை விரைவுபடுத்துமேயன்றித் தீர்க்காது.