உட்கார ஒரு சட்டம்

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு ஸ்டூலைப் பத்தி.

பெரிய ஜவுளிக்கடைகள்ல புடவை வாங்க வர்றவங்களுக்கு சேர் இருக்கும். எடுத்துக் காட்டுறவங்க காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருப்பாங்க. அவங்கள்ல நிறைய பேர் சின்ன ஊர்கள்லேர்ந்து வந்த இளம்பெண்கள். கால் வீக்கம், இடுப்பு வலி, வெரிகோஸ் வெயின் எல்லாம் அந்த வேலையோட சேர்ந்தே வருது.

ஏதோ ஒரு முதலாளிக்கு மனசு கல்லுன்னு இதை முடிச்சிட முடியாது. 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டத்துலயே, நின்னு வேலை பாக்குறவங்களுக்கு இடையில உட்கார வசதி செஞ்சு தரணும்னு இருந்துச்சு. கடை ஊழியர்களுக்கு அது வர பல பத்து வருஷம் ஆச்சு.

கேரளாவுல 2018-ல வந்தது. அதுக்குப் பின்னாடி, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பார்த்த விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் இருக்காங்க. அவங்களோட முதல் கோரிக்கை கழிவறை. டாய்லெட் இல்லாததால தண்ணியே குடிக்காம வேலை பார்த்த பெண்கள் சேர்ந்த கூட்டம் அது. உட்கார்ற உரிமை அடுத்து வந்தது. தமிழ்நாடு 2021-ல, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தது.

சட்டம் வந்தாச்சு, பிரச்சினை முடிஞ்சுதா? அந்தப் பிரிவு சொல்றது இதுதான்: எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்கணும்; வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம். சரி, வாய்ப்பு கிடைச்சிடுச்சுன்னு யார் முடிவு பண்றது? பக்கத்துலயே நிக்கிற சூப்பர்வைசர். ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தா அவர் முறைப்பார். வேலை போயிடுமோன்னு பயந்தா, யாரு உட்காருவா?

அதனால சிஸ்டத்தை மாத்துறதுன்னா மூணு வேலை. எழுதின விதியை மாத்தணும். அது ஓரளவு நடந்திருக்கு. ஆய்வுக்கு வர்ற தொழிலாளர் துறை அதிகாரி, ஸ்டூல் இருக்கான்னு மட்டும் பாக்காம, உட்கார விடுறாங்களான்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட தனியா கேக்கணும். பேர் வெளிய வராம புகார் சொல்ல வழி வேணும், கூட நிக்க சங்கம் வேணும்.

மூணாவது, எழுதாத விதி. ‘கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தா மரியாதை இல்ல.’ இதை எந்தச் சட்டத்துலயும் போடல, நம்ம தலையில இருக்கு. அதே கடையில கல்லாவுல இருக்கிறவர் உட்கார்ந்துதான் நம்மகிட்ட காசு வாங்குறார். அவர் மரியாதை தரலைன்னு நாம என்னைக்காவது நினைச்சிருக்கோமா?