பழைய நகல் இயந்திரமும் அதனுள் தங்கும் ஆவணங்களும்

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் பயன்படும் கருவிகளுள் நகல் இயந்திரமும் ஒன்று. மூலத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் வைக்கிறோம், நகல் வெளிவருகிறது, இரண்டையும் எடுத்துக்கொண்டு செல்கிறோம். இயந்திரத்தில் எதுவும் எஞ்சவில்லை என்றே எண்ணுகிறோம். முற்காலத்து இயந்திரங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் சரியானதே. ஆனால், இன்று அலுவலகங்களில் உள்ள பெரிய டிஜிட்டல் இயந்திரங்கள் பலவற்றுக்கு அது பொருந்தாது. அதற்குரிய காரணத்தையும், இயந்திரத்தைக் கழிக்கும்போது மேற்கொள்ள வேண்டிய முறைகளையும் இங்கே காண்போம்.

பழைய முறையும் புதிய முறையும்

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் உலர்முறையில் முதல் நகலை எடுத்தார். அம்முறையில் அமைந்த ஜெராக்ஸ் 914 என்னும் இயந்திரம் 1959-இல் வெளிவந்தது. இவ்வகை இயந்திரத்தில், மூலத்தின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி, மின்னேற்றம் பெற்ற உருளை ஒன்றின் மீது விழும். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கும்; எழுத்துகளுக்குரிய இருண்ட இடங்களில் மட்டும் அது நிலைக்கும். அவ்விடங்களில் ஒட்டிக்கொள்ளும் கரும்பொடி தாளுக்கு மாறி, வெப்பத்தால் பதியும். பின்னர் உருளை துடைக்கப்பட்டு, எஞ்சிய மின்னேற்றமும் அகற்றப்படும். ஆகவே முந்திய பக்கத்தின் சுவடு அதில் தங்குவதில்லை.

டிஜிட்டல் இயந்திரமோ பக்கத்தை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக மாற்றுகிறது. அவ்வெண்களைக் கொண்டே லேசர் ஒளி உருளையின் மீது படத்தை வரைகிறது. நூறு பக்கங்களை ஒரு முறை படித்து ஐம்பது தொகுதிகளாக அடுக்கித் தரவும், பல கணினிகளிலிருந்து வரும் அச்சுப் பணிகளை வரிசையில் நிறுத்தவும் சேமிப்பிடம் தேவை. இதன் பொருட்டே பெரிய இயந்திரங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் பொருத்தப்பட்டுள்ளது. நகலெடுத்தவை மட்டுமன்றி, அச்சிட்டவை, ஸ்கேன் செய்தவை, தொலைநகலாக வந்தவை ஆகியனவும் அதில் பதியக்கூடும். சிறிய மேசை இயந்திரங்கள் பலவற்றில் இவ்வுறுப்பு இராது.

எவ்வளவு தங்கும்?

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் படித்தால், ஏ4 தாள் ஒன்றில் ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள் அமையும். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு நிலைகளை மட்டும் குறித்தால் 8 புள்ளிகளுக்கு ஒரு பைட் போதும். எனவே ஒரு பக்கத்துக்குச் சுமார் 44 லட்சம் பைட் வேண்டும். 80 ஜிகாபைட் கொண்ட டிஸ்க்கில் இவ்வாறு 18,000 பக்கங்கள் வரை அடங்கும். இயந்திரங்கள் படத்தைச் சுருக்கிச் சேமிக்குமாயின், பக்கங்களின் எண்ணிக்கை இன்னும் பன்மடங்கு உயரும்.

பணி முடிந்ததும் இயந்திரமே பதிவை நீக்கிவிடாதோ என வினவலாம். சாதாரணமாக நீக்குதல் என்பது நூலக அட்டவணையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தெறிவதற்கு ஒப்பாகும். அட்டை மறைந்தாலும் நூல் அடுக்கிலேயே இருக்கிறது. அவ்விடத்தில் வேறு பதிவு எழுதப்படும் வரையில், தக்க மென்பொருளைக் கொண்டு பழைய பதிவை மீட்டுவிடலாம்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது

2010 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சிச் செய்தியாளர்கள், நியூஜெர்சி மாநிலத்துக் கிடங்கு ஒன்றில் நான்கு பழைய இயந்திரங்களை, ஒவ்வொன்றும் சுமார் 300 டாலர் விலைக்கு, வாங்கிச் சோதித்தனர். 12 மணி நேரத்துக்குள் பல்லாயிரம் ஆவணங்கள் வெளிப்பட்டன. இரண்டு இயந்திரங்கள் பஃபலோ நகரக் காவல் துறையில் பயன்பட்டவை. அவற்றில் குடும்ப வன்முறை குறித்த புகார்களும், போதைப்பொருள் சோதனையில் பிடிக்கப்பட வேண்டியோர் பட்டியலும் இருந்தன. மற்றோர் இயந்திரத்தில் கட்டட நிறுவனம் ஒன்றின் ஊதியச் சீட்டுகள் 95 பக்கங்கள் கிடைத்தன. நான்காவது, அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்குப் பெற்றிருந்தது. அதில் 300 பக்க மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன.

இந்நிறுவனம் 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என அரசுக்கு அறிக்கை அளித்தது. வாடகை இயந்திரங்களைத் திருப்பித் தருமுன் அவற்றின் டிஸ்க்குகளை அழிக்காததே அதன் மீது காணப்பட்ட குற்றம். 2013-இல் 12,15,780 டாலர் செலுத்தி அது வழக்கைத் தீர்த்துக்கொண்டது. எவரும் திருட முயலவில்லை. ஓர் உறுப்பினை எவரும் நினைவில் கொள்ளாமையே இவ்வளவுக்கும் காரணமாயிற்று.

நம் கடமை

நம் நாட்டில் நலத்திட்டங்களுக்காக மக்கள் ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நிலப் பத்திரம் முதலியவற்றைக் களப்பணியாளரிடம் நம்பிக்கையுடன் ஒப்படைக்கின்றனர். பள்ளி இயந்திரத்தில் மாணவர் சான்றிதழ்களும் தேர்வு வினாத்தாள்களும் செல்கின்றன. இயந்திரம் ஏலத்தில் எவர் கைக்குப் போயிற்று என்பதை அம்மக்கள் அறியார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறுவோருக்கு ரூ.250 கோடி வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. இயந்திரத்தை வாங்கும்போதோ வாடகைக்குப் பெறும்போதோ, அதில் ஹார்டு டிஸ்க் உண்டா, திருப்பித் தரும்போது அதனை யார் அழிப்பது என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

2. பதிவுகளை மறைக்குறியாக்கும் வசதியும், ஒவ்வொரு பணிக்குப் பின்னும் மேலெழுதி அழிக்கும் வசதியும் இருப்பின் முதல் நாளிலேயே இயக்கி வைக்க. தொழிற்சாலையில் அமைத்த கடவுச்சொல்லை மாற்றுக.

3. பழுதுபார்ப்பவர் டிஸ்க்கை மாற்றினால், பழையதை அலுவலகத்திலேயே பெற்று வைத்துக்கொள்க.

4. இயந்திரத்தைக் கழிக்குமுன் டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்து, எழுத்து மூலமான சான்று பெறுக. முகவரிப் பட்டியலையும் நீக்குக. இயக்க நிரல் டிஸ்க்கிலேயே இருந்தால், அதனைக் கழற்றியபின் இயந்திரம் இயங்காது. ஆதலால் தொழில்நுட்பம் அறிந்தவரைக் கொண்டே இதனைச் செய்க.

5. அழிக்க இயலாத டிஸ்க்கை உடைத்துவிடுக. காந்தமுறையில் அழித்தல் காந்தத் தட்டுகளுக்கே பயன்படும். சில்லு வகைச் சேமிப்பான்களுக்குப் பயன்படாது.

6. தேவையற்ற நகலை எடுக்காதிருத்தலே முதற்காப்பு. கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் படிவம் போதுமான இடத்தில், முழு எண்ணைக் கேளாதிருக்க.

கழிக்கப்படும் பொருள்களின் பதிவேட்டில் நகல் இயந்திரத்தின் பெயருக்கு எதிரே, "டிஸ்க் அழிக்கப்பட்டது" என்னும் குறிப்பையும், தேதியையும், பொறுப்பாளரின் கையொப்பத்தையும் சேர்த்துவிட்டால், இவ்வேலை மறதிக்கு உட்படாது.